அணுக்கருவை அடக்கும் காப்பு

என் மேசையில் ஒரு செப்புக் காப்பு கிடக்கிறது. இரண்டு முனைகளிலும் பாம்புத் தலை செதுக்கியிருக்கிறார்கள். மீன் தலை என்றாலும் மறுக்க முடியாது. கொஞ்ச நேரம் மாட்டியிருந்தால் மணிக்கட்டில் பச்சை வளையம் விழும். உடம்புக்குள் நுழைந்த கதிர்களை உறிஞ்சி, கலங்கிய அணுக்கருக்களை அமைதிப்படுத்துமென்று லண்டனிலிருந்து வந்தது. அனுப்பியவர் என் தாய்மாமன். அவருக்குச் சொன்னவர், தமிழர் கூடிக் கதைக்கும் ஓர் இணையக் களத்தில் ‘அணுச்சித்தன்’ என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர். காப்பை விற்றவரும் அவரே என்பது பிறகுதான் தெரிந்தது.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் போகும்போது கோப்பைகள் கிணுகிணுக்கும் ஒரு மாடி வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணனின் மனைவியான மச்சாள், நான் என்று நால்வர் இருந்தோம். நான் பற்பசைக்கும் சவர்க்காரத்துக்கும் விளம்பரத் தமிழ் எழுதினேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். மச்சாள் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகவியல் டியூஷன் எடுத்தார்; ஆகவே தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தது. இடையில் விடக்கூடாது, விட்டால் நோய் திரும்பலாம் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அந்த நேரம் பார்த்து மாமாவின் டெலிபோனும், பின்னாலேயே ஒரு பயணியின் கையில் காப்பும் வந்தன. கதிர் வாங்கியவரின் எலும்புக்குள் அணுக்கரு உடைந்துகொண்டே இருக்குமாம்; பக்கத்தில் இருப்பவர்களையும் அது பிடிக்குமாம்; வயிற்றுப் பிள்ளைக்கு விசேஷமாக ஆகாதாம். அம்மா காப்பை மாட்டினார். அதையும் முழுக்க நம்பாமல், பாயைச் சுருட்டிக்கொண்டு பல்கனிக்குக் குடிபோனார். தட்டும் கோப்பையும் தனி. மச்சாள் தேத்தண்ணி கொண்டுபோனால், “அங்கயே வை பிள்ளை, கிட்ட வராத” என்பார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். தனக்காகப் பயந்திருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். பிறக்காத பேரப்பிள்ளைக்காகச் சாகத் துணிந்தவரிடம் பற்பசைத் தமிழ் எடுபடாது.

அம்மா மாமாவை நம்பினார், மாமா அந்தக் களத்தை நம்பினார். எனவே களத்திலிருந்தே தொடங்கலாம் என்றார் மச்சாள். அவருக்குத் தமிழில் தட்டச்சு வராது. சனிக்கிழமை, பக்கத்து ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் நானா நடத்திய இன்டர்நெட் கடையில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நெருப்பில் வைத்த இரும்பு சிவப்பதுபோல, கதிர் பட்ட உடம்பும் கதிர் வீசும் என்று அணுச்சித்தன் எழுதியிருந்தார். மச்சாளின் பதில் இப்படிப் போனது: “இரும்பின் சூட்டைக் கையே சொல்லும். கதிருக்குக் கருவி இருக்கிறது. சிகிச்சை முடிந்து வந்தவரின் பக்கத்தில் நீங்கள் எதை வைத்து அளந்தீர்கள்? அளவு கூடியிருந்தால் நான் சொல்வது பிழை, இங்கேயே ஒப்புக்கொள்வேன்.” கதிர்வீசும் மருந்தை உடம்புக்குள் கொடுக்கும் சிகிச்சைகளும் உண்டு, அவற்றுக்குக் கொஞ்ச நாள் தள்ளியிருப்பது சரிதான், வெளியிலிருந்து பாய்ச்சும் இதற்கு அது தேவையில்லை என்றும் சேர்க்கச் சொன்னார்.

“இதை ஏன் அவருக்கு எடுத்துக் குடுக்கிறியள்?” என்றேன்.

“உண்மைதானே. அதை மறைச்சா மிச்சத்தை ஏன் நம்பவேணும்?”

சித்தர் முதலில் ஒரு டோர்ச் பற்றரியை அமைதிப்படுத்திக் காட்டட்டும் என்று கடைசியில் என் பங்குக்கு ஒரு வரி போட்டேன். மச்சாள் திரையைப் பார்த்தார். “நக்கலை எடுங்கோ. நான் அந்தாளுக்கு எழுதேல்லை. பேசாமல் வாசிச்சுப்போட்டுப் போற ஆக்களுக்கு எழுதுறன். அதில மாமியை மாதிரி ஆரும் இருப்பினம்.” எடுத்தேன். அந்த வரியை நினைத்து இன்றும் கொஞ்சம் கவலைதான்.

“பாடம் சொல்லிக்குடுத்தா சல்லி வாங்குவாங்க தங்கச்சி,” என்றார் நானா. “நீங்க என்ன, எனக்குச் சல்லி குடுத்துப்போட்டுச் சொல்லுறீங்க.”

அணுச்சித்தன் நாலு பக்கத்தில் பதில் எழுதினார். அளந்த கருவி மட்டும் அதில் இல்லை. மாமா அன்றே டெலிபோன் எடுத்து, “சித்தர் நல்ல அடி குடுத்திருக்கிறார்” என்றார்.

ஞாயிறு பின்னேரம் மச்சாள் பல்கனிக்குப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பாயிலேயே உட்கார்ந்தார். “நாளைக்கு நானும் வாறன், மாமி. பக்கத்தில இருந்துதான் வருவன்.” அம்மா அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ உன்ர பிள்ளையை வைச்சு விளையாடமாட்டாய். சரி, போவம்” என்றார். வென்றுவிட்டோம் என்று நான் மூச்சுவிட்டேன். மச்சாளோ, “அது நிரூபணமில்லை, மாமி. நான் பிழை விட்டிருந்தாலும் இப்பிடித்தான் வந்து குந்தியிருப்பன்” என்றார். பின்னால் நின்று நான் காட்டிய சைகைகளை ஒரு பரதநாட்டிய ஆசிரியை பார்த்திருந்தால் வகுப்பில் சேர்த்திருப்பார்.

திங்கள் சிகிச்சை முடிந்து மூவரும் பஸ்ஸில் திரும்பும்போது, அம்மா மச்சாளை விட்டு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார். வருவதாகத்தான் ஒப்புக்கொண்டாராம், பக்கத்தில் இருப்பதாக இல்லையாம். கிருலப்பனைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி உலோகம் பார்க்கும் கைக்கருவியை அம்மாவின் கையருகே கொண்டுவர, அது கத்தியது. இது என்னவென்று சிங்களத்தில் கேட்டாள். “பெஹெத்,” என்றார் மச்சாள். மருந்து என்றதும் அவள் முகம் இன்னும் இறுகியது. காப்பைக் கழற்றச் சொல்லி, மறுபடி பிடித்தாள். சத்தமில்லை.

மச்சாள் அம்மாவின் வெறுங்கையைப் பிடித்தார். “பாத்தீங்களே, மாமி. காப்பு இருக்கும்வரைக்கும் கத்தினது. கழட்டினாப்பிறகு கை கத்துதோ? ஆஸ்பத்திரி மெஷினும் அப்பிடித்தான். நிப்பாட்டினால் கதிரும் நிண்டிட்டுது. உங்களிட்ட மிச்சமில்லை.”

அம்மா தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை வளையம் மட்டும் இருந்தது. திடீரென்று சிரித்தார். அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் சிரிப்பது உடம்புக்கு நல்லதல்ல. அடையாள அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் வியர்த்தேன்.

“ஆனா இது உதாரணம்தான், மாமி, நிரூபணமெண்டு…”

“நீ பேசாமல் வா பிள்ளை,” என்று மச்சாளின் கையைப் பற்றி பஸ்ஸில் ஏற்றி, பக்கத்தில் இருத்திக்கொண்டார் அம்மா. அன்றிரவு பாய் உள்ளே வந்தது. சிகிச்சையை முடித்தார். பேத்தியைத் தூக்கினார், அவள் பள்ளிக்கூடம் போனதையும் பார்த்தார்.

அம்மா இப்போது இல்லை. அண்ணன் குடும்பம் மெல்பேணில். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கைபேசிக் கதிர் அணுக்கருவை உடைக்கும் என்று போன கிழமை மாமா அதில் ஒரு வீடியோ போட்டார். மூன்று வரியில் அவரை முடித்துவிடக்கூடிய பதிலொன்று என்னிடம் இருந்தது. மேசையிலிருந்த காப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றையும் அழித்தேன். இதை எதை வைத்து அளந்தார்கள் மாமா, என்று மட்டும் கேட்டேன்.

இந்தக் காப்பைப் போட்டால் எனக்கு நக்கல் குறைகிறது. மச்சாளிடம் சொல்லவில்லை. எதை வைத்து அளந்தனீங்கள் என்று கேட்பார்.