சேலைக்குப் பின்னால் ஒரு மணிக்கோபுரம்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லெனின்கிராட் நகரத்தை மூன்று நாட்கள் சுற்றிப் பார்த்து, இரண்டு சுருள் பிலிம் முடித்து, மெல்பேர்னுக்குத் திரும்பிய நான், அந்த நகரத்தின் ஒரு கட்டடத்தைக்கூட வேண்டுமென்று முழுதாகப் படம் பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் என் மனைவியை. அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் ஒரே ஒரு கட்டடத்தைப் படம் பிடித்துவரும்படி ஒருவர் கேட்டிருந்தார். பிடித்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறந்தேன். திரும்பி வந்து, பிடித்துவிட்டேன் என்று பொய்யும் சொன்னேன். மூன்றையும் எவருடைய உதவியும் இல்லாமல் நானே செய்தேன்.

கேட்டவர் பக்கத்து வீட்டு ரஷ்யக் கிழவி; எங்கள் வாயில் 'ரஷ்யன் அன்ரி'. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தார். நாங்கள் கொடுத்த தேசிக்காய் ஊறுகாயைப் பாணில் தடவி, கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமல் தின்னக்கூடிய ஒரே வெள்ளைக்காரி. பிறந்தது லெனின்கிராட்டில். அவர் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார், பீட்டர்ஸ்பர்க் என்பார். புரட்சிக் காலத்தில், பன்னிரண்டு வயதில் ஓர் அத்தையோடு சீனாவிலுள்ள ஹார்பினுக்குப் போய், அங்கே பாதி ஆயுளைக் கழித்து, பிறகு அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர்.

லண்டனிலிருக்கும் மனைவியின் தமையனைப் பார்க்கப் போகிறோம், திரும்பும் வழியில் லெனின்கிராட்டில் மூன்று நாள் சுற்றுலாவும் அதே டிக்கெட்டில் வருகிறது என்று நான் வேலிக்கு மேலால் பெருமையடித்த அன்றே, அவர் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் படம் வரைந்து கொண்டுவந்தார். அவருடைய ஆங்கிலம் கட்டளை போலத்தான் இருக்கும். தமிழில் எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.

"கால்வாய்க் கரை. நீலச் சுவர்த் தேவாலயம். பக்கத்தில், தனியாக, மணிக்கோபுரம். நான்கு அடுக்கு. உச்சியில் தங்க ஊசி. பார். படம் எடு."

"எடுத்தால் போச்சு" என்றேன்.

"ஹார்பினில் ஒருவன் சொன்னான், இடித்துவிட்டார்கள். இன்னொருவன் சொன்னான், நிற்கிறது. இரண்டு பேரும் குடிகாரர்கள்." சற்று நிறுத்தி, "அந்தக் கோபுரத்தின் அடியில்தான் அம்மா என் தொப்பி நாடாவைக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவை நான் பார்க்கவில்லை" என்றார்.

அந்தத் தாளை மிகுந்த மரியாதையோடு சட்டைப் பையில் வைத்தேன். லெனின்கிராட்டில் எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டு மேசை ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் சூப் என் மடியில் கொட்டப் பார்த்தது. பையில் கைவிட்டேன், ஏதோ தாள் அகப்பட்டது. நாலாக மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை ஆடாமல் நின்றது. நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மூன்று நாட்களும் ஓட்டம். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடிய வழிகாட்டிப் பெண், தங்கக் கும்மட்டத் தேவாலயம் ஒன்றைக் காட்டி "இது மியூசியம்" என்றாள். இன்னொரு தேவாலயத்தைக் காட்டி "இதுவும் மியூசியம்" என்றாள். அரண்மனைகளும் மியூசியம்தான். ஓர் அரண்மனையில் மரத்தளம் கீறுப்படும் என்று சப்பாத்துக்கு மேலே போட்டுக்கொள்ளப் பெரிய கம்பளிச் செருப்புத் தந்தார்கள். அதைப் போட்டு நான் வழுக்கிக்கொண்டு போய், ஏதோ ஒரு மகாராணியின் ஓவியத்துக்கு முன்னால் அட்டாங்க நமஸ்காரமே செய்தேன். மூலையில் கதிரை போட்டிருந்த காவல்காரக் கிழவி சிரிக்கவில்லை. என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

படம் எடுப்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நிற்பவரின் தலையும் வெட்டுப்படக்கூடாது, காலும் வெட்டுப்படக்கூடாது. இந்தப் படங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகும். அங்கே மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகள் எந்தச் சேலை உடுத்திருக்கிறாள், கரை எவ்வளவு அகலம், உடம்பு இளைத்திருக்கிறாளா என்று பார்ப்பா. பின்னால் இருப்பது அரண்மனையா அரிசி ஆலையா என்பது அவவுக்குப் பொருட்டல்ல. ஆகவே நான் கமராவை நிமிர்த்திப் பிடித்து, உச்சி முதல் பாதம்வரை மனைவியால் நிரப்பினேன். குளிருக்கு மேலங்கி போட்டிருந்தாலும், கரை தெரியவேண்டும் என்று அவள் பொத்தானைத் திறந்து விரித்துப் பிடித்தாள். இருநூறு வருடக் கட்டடங்கள் அவளுடைய இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சம் எட்டிப்பார்த்தன.

மெல்பேர்னில் வந்து இறங்கிய மறுநாள், பெட்டிகளை அவிழ்க்கவில்லை, வேலிக்கு மேலால் அன்ரியின் தலை தெரிந்தது.

"நிற்கிறதா?"

அப்போதுதான் எனக்கு மேசைக் கால் ஞாபகம் வந்தது.

"நிற்கிறது. படமும் எடுத்தேன்" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது.

"பார்க்கிறேன்" என்றார் அன்ரி.

அந்தக் காலத்தில் மெல்பேர்னில் எங்களுக்கென்று கோயில் கிடையாது. இன்று கோயில் நிற்கும் கேரம் டவுன்ஸ் அன்று வெறும் புல்வெளி. எவராவது எங்காவது போய் வந்தால், அவர் வீட்டில் ஸ்லைட் பார்க்கக் கூடுவதுதான் எங்கள் திருவிழா. மூன்று கிழமையில் ஸ்லைட்டுகள் கழுவி வந்தன; அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலைந்து குடும்பங்கள் வந்தன. என் டொக்டர் நண்பன் புரொஜெக்டரைத் தூக்கி வந்தான். சுவரில் வெள்ளை விரிப்புக் கட்டி, ஜன்னல்களைப் போர்வையால் மூடினோம். குசினியில் வடை பொரிந்துகொண்டிருந்தது. நான் நம்பியிருந்தது ஒன்றைத்தான்: ரஷ்யன் அன்ரிக்கு நான் சொல்லவில்லை. மனைவி சொல்லிவிட்டிருந்தாள்.

தொப்பி போட்டு, கைப்பையை மடியில் வைத்து, முதல் வரிசைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் குசினிக்குள் ஓடினேன்.

"அன்ரியை ஏன் கூப்பிட்டனீர்?"

"அவதானே கோயில் படம் கேட்டவ. எடுத்ததெண்டு சொன்னியளாமே?" என்றாள் மனைவி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வடைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஐயோ, அந்தக் கடுதாசியைத்தானே மேசைக் காலுக்கு வைச்சனீங்கள்?"

"மெல்லக் கதையும்."

"நீங்கள் போய்ச் சமாளியுங்கோ. எனக்கு வடை கருகுது."

சமாளித்தேன். முதல் ஸ்லைட்டில் பச்சைச் சேலை. காதோரம் கொஞ்சம் நீலச் சுவர். "இதுதான் நீங்கள் கேட்ட தேவாலயம், அன்ரி!"

"அது அரண்மனை. ஊருக்கு வெளியே."

அடுத்ததில் சிவப்புச் சேலை. தலைக்குமேல் கொஞ்சம் தங்கம். "இதாக இருக்கலாம்."

"அது கோட்டைக்குள்."

"அப்ப இது?"

"அது ரயில் நிலையம்."

வீடு சிரித்தது. "மச்சான், நீ உண்மையாய் லெனின்கிராட்டுக்குத்தான் போனனியோ? இல்லை, இங்கை பக்கத்திலை பல்லாரட்டிலை நிண்டு எடுத்தனியோ?" என்றான் டொக்டர்.

வழக்கமாக இப்படியொரு கிண்டலுக்கு நான் இரண்டு மடங்கு திருப்பிக் கொடுப்பேன். அன்று முடியவில்லை. அன்ரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு படம் மாறும்போதும் கதிரையின் நுனிக்கு வந்து, பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ அவர் முன்னுக்கு வந்தபோது, என் வாய்க்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"அன்ரி, நான் பொய் சொன்னேன். அந்தத் தேவாலயத்தை நான் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன். அது நிற்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது."

  அன்ரி தொப்பியைச் சரிசெய்தார். கைப்பையின் கொளுவியைப் பூட்டினார். அந்த 'டக்' சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

என்ன செய்வதென்று தெரியாத டொக்டர், கை சும்மா இருக்கமாட்டாமல் அடுத்த ஸ்லைட்டைத் தள்ளிவிட்டான்.

"ஐயோ, அதைப் போடாதேங்கோ!" என்று குசினி வாசலிலிருந்து மனைவி கத்தினாள். "அதைக் குப்பையிலை போடச் சொன்னனான்!"

பஸ், பிந்தி வந்த யாரோ ஒருவருக்காக ஒரு பாலத்தடியில் நின்ற நேரம் எடுத்தது அது. காற்று சேலையின் கொய்யகத்தைக் கலைத்துவிட, அவள் குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். படத்தின் கீழ்ப் பாதியில் என் மனைவியின் வளைந்த முதுகு. மேல் பாதி முழுவதும், அவள் நிமிர்ந்து நின்றிருந்தால் மறைத்திருக்கக்கூடிய இடம். அங்கே கால்வாய் இருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், வெளிர் நீலத்தில், தனியாக ஒரு கோபுரம்.

அன்ரி எழுந்து விரிப்புக்குப் போனார். அவருடைய தொப்பியின் நிழல் படத்தின் மேல் விழுந்தது. அதைக் கழற்றி யாரிடமோ கொடுத்தார். விரலை வைத்து அடியிலிருந்து தொட்டுத் தொட்டு ரஷ்ய மொழியில் எண்ணினார். நாலாவது அடுக்கு எட்டவில்லை. டொக்டர் ஒரு முக்காலியை இழுத்துக் கொடுத்தான். அவர் ஏறி நின்று, நாலையும் எண்ணி, ஊசியையும் தொட்டார்.

"நிற்கிறது" என்றார், எவரையும் பார்க்காமல்.

என் நெஞ்சுக்குள் மூன்று கிழமையாகக் குந்தியிருந்த ஏதோ ஒன்று எழும்பிப் போனது.  கதிரையில் இருந்துவிட்டேன். மனைவி, ஊர் முழுக்கத் தன் முதுகைப் பார்ப்பதையும் மறந்து, வடைத் தட்டோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வைச்சிருந்தால் பிலிம் உருகிப்போகும், அன்ரி" என்று டொக்டர் மெல்ல ஆங்கிலத்தில் சொன்னான்.

"உருகாது" என்றார் அன்ரி. கோபுரத்தின் ஜன்னல்களை எண்ண ஆரம்பித்திருந்தார்.

கஷ்டம் நீங்கிவிட்டால் எனக்கு வாய் திரும்பி வந்துவிடும். அது என் வியாதி.

"பார்த்தீர்களா, அன்ரி? எப்படிக் கோணம் பிடித்து எடுத்திருக்கிறேன், உங்களுக்காகவே!" என்றேன்.

அவர் முக்காலியிலிருந்து இறங்கவில்லை, திரும்பவுமில்லை.

"நீ எடுக்கவில்லை, உன் மனைவி குனிந்தாள்."