கழற்றிய சாமான்

ஓசூரில் ஒரு கம்பெனியில் நான் கிளார்க்காக இருந்தபோது, அங்கே ஒரு ஃபிட்டர் இருந்தார். கட்டையான உருவம், கிரீஸ் ஏறிய நகங்கள். எந்த மெஷினைச் சரிசெய்தாலும், கழற்றிய பழைய சாமானை, எண்ணெய் துடைக்கும் காட்டன் வேஸ்டில் சுற்றிக் கொண்டுவந்து சூப்பர்வைசர் மேசைமேல் வைப்பார். அதைக் காட்டாமல் வேலை முடிந்ததென்று சொல்லமாட்டார்.

ஒருநாள் காலை ஷிப்டில், அங்கேயே வேலைபார்த்த அவருடைய தம்பிக்குத் திடீரென்று வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. கம்பெனி வண்டியில் பெங்களூருக்கு ஓடினோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் கரைக்கும் மருந்து போடலாம், ஆனால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு என்றார். ஃபிட்டர் சம்மதித்தார். சாயங்காலம் தம்பியின் விரல் அசைந்தது. மறுநாள் "அண்ணா" என்று கூப்பிட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஃபிட்டர் டாக்டரிடம், "எடுத்த கட்டி எங்க சார்?" என்றார்.

"எடுக்கலைங்க. கரைஞ்சுபோச்சு."

"கரைஞ்சு எங்க போச்சு?"

"ரத்தத்தோட கலந்துடும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"அப்ப உள்ளதான் சார் இருக்குது?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

தம்பி வேலைக்குத் திரும்பினார். கேன்டீனில் அவர் டீ டம்ளரை எடுக்கும்போதெல்லாம் ஃபிட்டர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்த வலது கையையே பார்ப்பார்.

"அதான் நல்லாயிட்டாரே, இன்னும் என்ன பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழசு இன்னும் என் கைக்கு வரலையே சார்."

சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் டம்ளர் மேசைக்கு வந்து சேரும்வரை நானும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.