ரெண்டு நம்பர் கூடின பூட்ஸ்

விளையாட்டுச் சாமான் விற்கிறவனுக்கு விளையாட்டுத் தெரிய வேண்டியதில்லை. குனியத் தெரிந்தால் போதும். பதுளை பஸார் வீதியில் இருபத்தாறு வருடமாகப் பிறர் காலடியில் குனிந்து சப்பாத்து மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன். பந்துக்குச் சும்மா காற்றடித்துக்கொண்டு போகிறவர்களும், கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போய்விட்டு மறுநாள் "கடிக்குது" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களும் உங்கள் கடைக்கும் வராமலா இருப்பார்கள், சக வியாபாரிகளே? அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். இது ஒரு சோடி பூட்ஸின் கதை. இதில் பாதிக் குற்றம் என்னுடையது. அப்படியிருந்தும் இதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

சரிவு மைதானம்

ரஞ்சனி டீச்சர், பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குகிறார். மற்றப் பாடசாலைகள் மூன்று மாதத் தவணைக்கு ஒரு பந்து வாங்கினால் இவர் மூன்று வாங்குவார். "பந்தைத் திங்கிறாங்களா டீச்சர்?" என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

மைதானம் அப்படியாம். ஒரு பக்கக் கோல் கம்பம் மேட்டில், மறுபக்கம் பள்ளத்தில். கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைக்குள் இறங்கி, தண்ணீர்க் கானைத் தாண்டி, கீழ் ரோட்டில் வருகிற பஸ்ஸுக்கு அடியில் போய்த்தான் நிற்குமாம். "ஐயோ பாவம், இதுல எப்படிப் பழகுவாங்க?" என்று உச்சுக்கொட்டினேன். டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பாவமெல்லாம் பட வேணாம் மொதலாளி. மேட்டுல ஓடிப் பழகின புள்ளைங்களை ஒருநாள் சமதரையில விட்டுப் பாருங்க, அப்ப தெரியும்."

வளர்ற கால்

நம் தொழிலில் ஒரு மந்திரம் உண்டு: "வளர்ற கால், ஒரு நம்பர் கூட எடுங்க." இதைச் சொன்னால் பெற்றோர் முகம் மலரும். தோட்டத்தில் ஒரு சப்பாத்து ஒருவரோடு ஓய்வதில்லை. அக்கா, தங்கை, சித்தப்பா மகள் என்று மூன்று சோடிக் கால்களைப் பார்த்த பிறகுதான் அதற்கு விடுதலை.

முத்துராஜுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. டீச்சரின் அணியில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த மூத்த மகள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. அளந்து பார்த்தேன், நாலாம் நம்பர். வழக்கம்போல மந்திரத்தைச் சொல்லி ஐந்தை எடுத்தேன். அவர் ஆறைக் கேட்டார். பின்னால் இளையவள் ஒருத்தி வருகிறாள், அவளுக்கும் இதுதான் என்றார். பெண் ஆறைப் போட்டு நடந்து காட்டினாள். பூட்ஸ் ஒரு பக்கம், குதிங்கால் ஒரு பக்கமாகப் போனது. "கொஞ்சம் பெருசுதாங்க" என்று ஒப்புக்குச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கால் வளரும் மொதலாளி. சப்பாத்து வளருமா?"

முன் சீட்டு

இரண்டு வருடம் போனது. தெற்காசிய நாடுகள் மோதுகிற பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உதைபந்தாட்டப் போட்டிக்கு நம் நாட்டு அணி தெரிவானது. பின்வரிசையில், இடது பக்கம், தர்ஷினி! தோட்டத்து லய வீட்டில் பிறந்த பிள்ளை நாட்டுச் சட்டை போடப்போகிறாள் என்று டீச்சர் கடைக்குள் ஓடிவந்து சொன்னபோது என் கையிலிருந்த இறகுப்பந்துப் பெட்டி கீழே விழுந்தது. அன்று முழுக்க நான் வியாபாரம் பார்க்கவில்லை. "அவ போடுறது நம்ம கடைப் பூட்ஸ்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். இனிப்புக் கடைக்காரர் அவள் தன் கடையில்தான் மஸ்கட் தின்று வளர்ந்தாள் என்றார். பதிலுக்கு நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

பசறை பஸ் கண்டக்டர் ஒருவர் கடைக்கு வருவார். சில்லறை மிச்சத்துக்கும் சிரிக்காத மனிதர். தர்ஷினி பயிற்சிக்கு டவுனுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பஸ்ஸில் புட்போர்டில் தொங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். செய்தியைக் கேட்டதும் மேசையில் தட்டிச் சொன்னார்.

"இனி அந்தப் புள்ள ஏறுனா முன் சீட்டுத்தான். எவன் உக்காந்திருந்தாலும் எழுப்பிவிட்டுருவேன்."

யார் சொன்ன நம்பர்?

என் பீற்றல் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. கொழும்பில் பயிற்சி முகாம். அங்கே பயிற்றுநர் அம்மா தர்ஷினியின் பூட்ஸைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். உள்ளே முன்பக்கம் முழுக்கப் பழைய காலுறை திணித்திருந்தது. இரண்டு வருடத்தில் பெண் ஒரு முழம் வளர்ந்தாள்; கால் மட்டும் நாலிலேயே நின்றுவிட்டது! அந்த அம்மா பதறிப்போய் நல்ல விலையில் நாலாம் நம்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டதும் விரல் எல்லாம் கொப்புளம். ஓடினால் விழுகிறாள், அடித்தால் பந்து கோணிக்கொண்டு போகிறது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறொரு பெண்ணை அழைத்துப்போவதாக முடிவாகிவிட்டது. அன்று புதன்கிழமை.

ரஞ்சனி டீச்சர் கடைக்கு வந்து இவ்வளவையும் சொன்னார். முத்துராஜ் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. ஆறைக் கேட்டது அவர்தான். ஆனால் கூட எடுக்கச் சொல்லி ஆரம்பித்தது யார்? டீச்சர் விடவில்லை.

"நம்பர் உங்க கடையில எடுத்தது மொதலாளி. நீங்களே வழி சொல்லுங்க."

காகிதத்தில் கால்

டவுனுக்கு வர முடியாத தோட்டத்து ஆட்கள் காலைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவார்கள். கலண்டர் தாளின் பின்புறத்தில் வந்த கால்களே என்னிடம் ஒரு கட்டு இருக்கும். தர்ஷினியையும் அப்படி வரைந்து, பக்கத்தில் அளவு தெரிய அடிமட்டத்தை வைத்துப் படமெடுத்துப் போனில் அனுப்பச் சொன்னேன். அதை அதே அளவுக்குப் பெரிதாக வரைந்து அளவுப் பலகையில் வைத்தேன். நீளம் நாலுதான். அகலம் ஆறு! வெறுங்காலோடு விரலை ஊன்றிச் சரிவில் ஏறி இறங்கிய கால் முன்னால் விரிந்துபோயிருந்தது. இருபத்தாறு வருடமாக நான் நீளத்தை மட்டுமே அளந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது பலகையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

கண்டி மொத்த வியாபாரி ஒருவர் முன்பு என் தலையில் கட்டிய அகலமான பூட்ஸ் சில பரணில் கிடந்தன. தூசி தட்டினால் நாலாம் நம்பர் ஒரு சோடி! கடையைப் பூட்டிவிட்டு மறுநாள் காலை ரயிலில் முத்துராஜோடு கிளம்பினேன். தெமோதரை ஸ்டேஷன் தாண்டி வெகுதூரம் போன பிறகும் அவர் பூட்ஸ் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் தர்ஷினியின் காலடியில் குனிந்தேன். என் தொழிலே அதுதானே. நாடா கட்டினேன். எழுந்தாள், இரண்டு முறை குதித்தாள், ஓடினாள். சமதரையில் அந்தப் பிள்ளை ஓடியதைப் பார்த்தபோது எனக்கு ரஞ்சனி டீச்சர் சொன்னது புரிந்தது. பயிற்றுநர் அம்மா பக்கத்தில் வந்து நின்று சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இவளை விழாமல் நிறுத்துவதே அந்த அகலக் கால்தான். அதை ஒடுக்கமான பூட்ஸுக்குள் திணித்தது என் பிழை, ஐயா."

வாசலில் நின்றவர்

அரையிறுதிக்குப் போக வேண்டுமானால் ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம். எதிர்க் கடைக்காரர் தன் பெரிய டீவியை என் கடையில் கொண்டுவந்து வைத்தார். பஸார் வீதியில் பாதிப்பேர் உள்ளே. நாம் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரி அடித்த பந்து நம் கோல்காரியைத் தாண்டிப் போய்விட்டது. எல்லோரும் தலையில் கைவைத்தோம். எங்கிருந்தோ பின்னோக்கி ஓடிவந்த தர்ஷினி, கோட்டின் மேலேயே இடது காலால் அதை வெளியே தட்டினாள். வர்ணனையாளர் அவள் பெயரைச் சொல்லி, ஊர் பசறை என்றார். பசறை! அந்தச் சொல் டீவியில் கேட்டதும் பெரிய மனிதர்களெல்லாம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. முத்துராஜ் மட்டும் பார்க்கத் தைரியமில்லாமல் வாசலில் ரோட்டைப் பார்த்து நின்றார். சத்தத்தைக் கேட்டு, திரும்பாமலே என்னைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, எம் பொண்ணு அழுவுறாளா, சிரிக்கிறாளா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கொஸ்லந்தைக்காரர்

கிண்ணம் வரவில்லை. அரையிறுதியில் தோற்றுத் திரும்பினார்கள். அதைப் பற்றி இங்கே யாருக்கும் கவலையில்லை. அடுத்த வாரமே கொஸ்லந்தையிலிருந்து ஒருவர் எட்டு வயது மகளோடு வந்தார். அளந்து, அகலமும் பார்த்து, சரியான நம்பரை எடுத்து வைத்தேன். அவர் பெட்டியை என் பக்கமே தள்ளினார். விவரம் தெரிந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் புள்ளையும் நாட்டுக்கு ஆடணுங்க. தர்ஷினி போட்ட மாதிரி ரெண்டு நம்பர் கூடவே குடுங்க."

இளையவள்

பிறகு தர்ஷினியே வந்தாள், நாட்டுச் சட்டையோடு, அப்பாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு. பஸ்ஸில் முன் சீட்டில் வந்ததாகச் சிரித்தாள். முத்துராஜ் கையில் அந்தப் பழைய ஆறாம் நம்பர், நன்றாகத் துடைத்து, புது நாடா கோத்து. இனி அது இளையவள் முறை. நாடாவைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். தர்ஷினி அதை வாங்கி என் மேசைமேல் வைத்தாள். தங்கையை உட்காரவைத்து, "அளந்து பாருங்க மொதலாளி" என்றாள்.

மூன்றாம் நம்பர். பழக்க தோஷம், "வளர்ற..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு அகலமான மூன்றை எடுத்து வந்தேன். முத்துராஜின் கை மட்டும் தன்போக்கில் நாலாம் நம்பர்ப் பெட்டிக்குப் போனது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வளர்ந்தா மறுபடி வருவோம்ப்பா. அவ ஆடப்போறது இன்னைக்கு இருக்கிற காலோடதான்."

அந்த ஆறாம் நம்பர் இப்போது என் கண்ணாடி அலுமாரியில் விற்பனைக்கு இல்லாமல் இருக்கிறது, சக வியாபாரிகளே. நம் தொழிலில் வாய் மட்டும் ஒரு நம்பர் கூடுதலாக இருக்கக் கூடாது என்று தினமும் காலையில் கடை திறக்கும்போது அது எனக்கு ஞாபகப்படுத்துகிறது.