தெரியாத வெளிநாட்டு நம்பரும் என் மூன்றாவது விதியும்

இன்று விடிந்ததில் இருந்து போனைக் கையை விட்டு வைக்கவில்லை.

மகள் சுமதி ஜேர்மனியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முதல் பிள்ளை. பிரசர் ஏறிவிட்டது, ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்று நேற்று மருமகன் ஜீவன் சொன்னார். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

நான் அனுப்பிய மெசேஜ் எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நிற்கின்றன.

சும்மா இருந்தால் பயம் கூடுகிறது. ஆகவே பிள்ளைகளைத் தூர தேசத்தில் வைத்திருக்கும் என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். (ஓய்வு பெற்ற நில அளவைக்காரன். இலக்கம் போடாமல் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சொல்லப்போவது:

1. டேட்டா பக்கேஜ் முடிந்தது தெரியாமல் வீடியோ கோலில் பேசினால், போனில் போட்டு வைத்த ரீலோட் காசில் இருந்து வெட்டும்.

2. மெசேஜைச் செயலிக்குள்ளேயே எழுத வேண்டும். சாதாரண எஸ்.எம்.எஸ். ஆகப் போனால் வெளிநாட்டுக் கட்டணம்.

3. தெரியாத வெளிநாட்டு நம்பர் அடித்தால் போனைத் தொடவே கூடாது.

முதலாவது, பட்டு அறிந்தது. என் மனைவி பாக்கியம் இறால் கறி கொதிப்பதை மகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். கறி வற்றுவதற்கு முன் டேட்டா வற்றிவிட்டது! இப்போது மிச்சம் பார்த்துவிட்டுத்தான் கோல் எடுப்பேன். பேசி முடிந்ததும் டேட்டாவை மூடிவிடுவேன். இன்று மட்டும் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது, டேட்டாவை மூடி வைத்துக்கொண்டு "சாப்பிட்டியா மகள்" என்று எழுதினேன். போன் அதைத் தானாகவே எஸ்.எம்.எஸ். ஆக அனுப்பிவிட்டது. செட்டிங்கில் அதை நிறுத்தலாம். நிறுத்திவிட்டேன். (என்றுதான் நினைக்கிறேன். தினமும் திறந்து சரிபார்க்கிறேன்.)

மூன்றாவதுதான் பெரியது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுமதி வேலை முடிந்து வீடு சேர்ந்தால் எனக்கு ஒரு ரிங் கட் தருவாள். ஒரு தரம் அடித்து நின்றுவிடும். பத்திரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். யாருக்கும் செலவில்லை. தன் போனில் சார்ஜ் இல்லாவிட்டால், தன்னோடு வேலை செய்பவர்களின் போனில் இருந்தும் தருவாள்.

முந்தநாள் தெரியாத வெளிநாட்டு நம்பரில் இருந்து ஒரு ரிங் கட் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் போலும் என்று நெஞ்சு பதறி, உடனே அந்த நம்பருக்குக் கோல் எடுத்தேன்.

"ஆரு கதைக்கிற?" என்றார் பாக்கியம்.

"ஒரு பொம்புள. பாஷ விளங்குதில்ல. நிக்கச் சொல்றா போல. இப்ப பாட்டுப் போகுது."

"ஆசுபத்திரியில பாட்டுப் போடுவாங்களா?"

"வெளிநாடுதானே, போடுவாங்க."

மரியாதைக்கு எழுந்து நின்றே காத்திருந்தேன்! ரீலோட் முழுவதும் தீர்ந்து லைன் தானாக அறுந்தது.

கல்லடியில் நான் வழக்கமாக ரீலோட் போடும் கடைப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயா, அது கள்ளனுகள். ஒரு ரிங் தந்து உங்களத் திருப்பி எடுக்க வைக்கிற. பாட்டுக் கேட்டதுக்குத்தான் காசு போயிருக்கு. இனித் திருப்பி எடுக்க ஒண்ணா, சரியா?"

"ஓம் மகள்."

"பாட்டாவது நல்லமா ஐயா?"

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். திருப்பிக் கோல் எடுப்பது ஆபத்து என்றால், அடிக்கும்போதே எடுக்காமல் விடுவது இன்னும் பாதுகாப்பு அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் மூன்றாவது விதி. அதை விளக்கமாகச் சொன்னால்...

(இந்த இடத்தில் போன் அடித்தது. இனி வருவது அதன் பிறகு எழுதியது.)

தெரியாத வெளிநாட்டு நம்பர்! போனை மேசையில் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் ஓடிவந்தார்.

"இஞ்சேருங்க, எடுங்களன்!"

"தெரியாத நம்பர். எடுக்க ஒண்ணா."

"புள்ளயா இருந்தா?"

"கள்ளனா இருந்தா?"

அடித்து ஓய்ந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மறுபடியும் அதே நம்பர். ரீலோட் போனால் போகட்டும், ஆனால் ஜீவனுக்கு நான் கோல் எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளே இருந்தது. எடுத்தால் கெட்ட செய்தி வந்துவிடுமோ என்பது.

"ரிங் கட் எண்டா ஒருக்காத்தான் அடிக்கும். இது நிக்காம அடிக்குது. காசு புடுங்கிறவன் இப்பிடிக் கிடந்து அடிப்பானா? உங்கட படிப்பக் கொண்டுபோய் வாவியில போடுங்க!"

பாக்கியமே திரையில் விரலை வைத்து இழுத்தார். மீன் கழுவிய ஈரக் கை. போன் அசையவில்லை.

"நீங்க இழுங்க! கெதியா!"

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

"மாமா! ஏன் எடுக்கிறீங்க இல்ல?" ஜீவனின் குரல்.

நான் கேட்ட முதல் கேள்வியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "தம்பி, இதுக்குக் காசு வெட்டுமா?"

"என்ட போன் செத்திட்டுது மாமா. இது நேர்சிட போன். உங்கட நம்பர் மட்டும்தான் எனக்குப் பாடம். சுமதி உங்களுக்கு ரிங் கட் தரச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாடமாக்கி வெச்சிருக்கா. பொம்புளப் புள்ள, மாமா! ரெண்டு பேரும் சுகம்."

பாக்கியம் ஈரக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு மிக மெல்லிய குரல் ஒன்று.

"அப்பா, காசு வெட்டாது. பயப்படாமக் கதைங்க."

"சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டேன்.

ஆகவே நண்பர்களே, மேலே உள்ள மூன்றாவது விதி பிழை. அழிக்காமல் விடுகிறேன், என்னைப் போல் யாராவது இருந்தால் பார்க்கட்டும். ஊரில் இருந்துகொண்டு, வருகிற அழைப்பை எடுப்பதற்கு நமக்குச் செலவில்லை. தெரியாதவர் என்றால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடலாம். திருப்பி எடுப்பதில்தான் ஆபத்து.

முதல் இரண்டும் சரி. (இப்போது அவற்றிலும் கொஞ்சம் சந்தேகம். தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள்.)

ஆனால் நிற்காமல் அடித்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் நம்பரை மட்டுமே பாடமாக வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கம் நிற்கக்கூடும்.