ஊரார் போனில் திறக்க வேண்டும்

"அண்ணே, ஒங்க போனச் செத்த நேரம் குடுங்க. ஒரு பக்கத்தத் தெறந்து பாத்துட்டுத் தாரேன்."

பழனி சாலையில் ஒரு பெண் வந்து நின்று இப்படிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? பாதிப் பேர் போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுவார்கள். சகாயராணி கோபித்துக்கொள்வதில்லை. "சரி, நீங்களே வச்சுக்கங்க. நாஞ் சொல்றத நீங்களே அமுக்குங்க, நான் தள்ளி நின்னு பாக்குறேன்" என்பாள். கீறல் விழுந்த திரை, ஒற்றைக் கோடு காட்டும் சிக்னல் என்றால் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பளபளவென்று புதுப் போன் வைத்திருப்பவர்களை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். பரோட்டாக் கடை மாஸ்டருக்கு இது பழகிவிட்டது. கல்லில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, "ராணியக்கா எறங்கி வருது. ஓட்டப் போன் வச்சிருக்கவுகல்லாம் முன்னாடி வாங்கப்பா" என்று குரல் கொடுப்பார்.

சகாயராணிக்கு முப்பத்து நான்கு வயது. வீடு மேட்டுப்பட்டியில். காந்திகிராமத்தில் கணினி படித்தவள். ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடையின் மாடியில் ஓர் அறை எடுத்து, அவளும் செழியன் என்ற இளைஞனும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறார்கள். தெருவில் யாருக்கும் இது சரியாகப் புரிந்ததில்லை. கம்ப்யூட்டர் என்றால் கரண்ட் சமாச்சாரம்தானே என்று மிக்சி கொண்டுவந்தவர்கள் உண்டு. ஒருமுறை அப்படி வந்த மிக்சியை அவள் சரி செய்தும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு விளக்கிச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

"செழியன் சமைக்கிறான், எல போட்டுப் பரிமாறுறது நானு" என்பாள். உண்மையும் அதுதான். போனில் நாம் பார்க்கும் பக்கங்களையும் பொத்தான்களையும் செழியன் நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளாக எழுதுகிறான். அவற்றை அப்படியே ஊருக்குள் விட முடியாது. தேவையில்லாததை நீக்கி, நசுக்கி, நாலைந்து கோப்புகளாகச் சுருக்க வேண்டும். அதற்கு 'பில்டு' என்று பெயர். அந்தச் சுருக்கத்தைச் சர்வரில் ஏற்றி, கேட்பவருக்கு எதைக் கொடுப்பது, போன்கள் எதை எத்தனை காலம் தம்மிடம் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் விதி எழுதுவது சகாயராணி. வயிற்றில் எதையாவது போடாமல் சர்வரில் கை வைக்க மாட்டாள். "பசியோட இருந்தா சீக்கிரம் முடிக்கத் தோணும். சீக்கிரம் முடிக்கிற வேலையா இது?"

ஏற்றி முடித்த பிறகுதான் மாடிப்படி இறங்குவாள். "நம்ம ரூம்ல தெறக்குறது ஒரு காரியமாலே? ஊரார் போன்ல தெறக்கணும்" என்பது அவள் வாதம். செழியனுக்கு இது வீண் வேலை. "பரோட்டாக் கட வாசனைக்கு எறங்குறீங்க. அதுக்கு ஒரு சாக்கு வேணும்லக்கா" என்று சீண்டுவான்.

ஊரில் ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு போவார்கள். அடுத்த முறை யாருக்குக் காலை, யாருக்கு மதியம் என்பதை வார்டுச் சுவரில் மாட்டிய வெள்ளைப் போர்டில் எழுதுவார்கள். இடையில் மெஷின் பழுதாகி முறை மாறினால், பஸ் ஏறி வந்தவர் காத்துக் கிடப்பார். முறை தவறிப்போனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும். போர்டுக்குப் பதில் போனிலேயே முறையைப் பார்க்கும்படி ஒரு தளம் செய்யச் சொன்னார் மையத்தின் மேலாளர் ஸ்டீபன்ராஜ். அந்தத் திங்கட்கிழமை ஒரு மெஷினைப் பழுது பார்க்கப் போகிறார்கள், பலருடைய முறையும் மாறும். அதற்குள் தளம் ஓட வேண்டும்.

சனிக்கிழமை காலையிலேயே ஏற்றியாகிவிட்டது. ஸ்டீபன்ராஜ் ஜிலேபிப் பொட்டலத்தோடு மாடிக்கு வந்தார். செழியன் போனில் திறந்தது. ஸ்டீபன்ராஜ் போனிலும் திறந்தது. பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. "பிறகென்ன?" என்று அவர் பொட்டலத்தைப் பிரித்தார். சகாயராணி ஒரு ஜிலேபியை வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள்.

பரோட்டாக் கடையில் ஒரு லோடுமேன் போனில் பக்கம் வந்தது. தலைப்பு வந்தது. பெயர்கள் வரவில்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொருவர் போனிலும் அதே வட்டம். "ஏம்மா, எம் போனுக்கு எதும் ஆயிருச்சா?" என்று அவர் பதறினார். "ஒங்க போனுக்கு ஒண்ணுமில்லண்ணே. எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

காரணம் சிக்கச் சற்று நேரம் பிடித்தது. பெயர்களை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற முகவரி பில்டுக்குள் இருக்கும். செழியன் அதில் தங்கள் சோதனைச் சர்வரின் முகவரியை மாற்றாமல் விட்டிருந்தான். அந்தச் சர்வர், அவர்கள் அறையின் வைஃபையிலிருந்து வருபவர்களை மட்டுமே உள்ளே விடும். அதனால்தான் அறை வைஃபையில் இணைந்திருந்த எல்லாப் போனிலும் திறந்தது. செழியன் அவசரமாகச் சர்வரில் இருந்த அமைப்புக் கோப்பில் முகவரியைத் திருத்தினான். ஒன்றும் மாறவில்லை. மறுபடி திருத்தினான்.

"வெந்த இட்லி மேல உப்பத் தூவுனா உள்ள எறங்குமாலே? மாவுல போடணும். எந்திரி, மறுபடி பில்டு பண்ணு" என்றாள் சகாயராணி.

செய்தார்கள். மூவரும் பரோட்டாக் கடைக்கு இறங்கினார்கள். லோடுமேனின் போனில் வட்டம் நிற்கவில்லை. அதுவரை பக்கத்தைத் திறந்தே பார்க்காத வேறொருவரின் போனில் பெயர்கள் வந்துவிட்டன. சகாயராணிக்குத் தன் தப்பு புரிந்தது. முதல் பக்கத்தை மட்டும் போன்கள் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். விதி எழுதும்போது அவள் அதையும் மற்றக் கோப்புகளோடு சேர்த்து, ஒரு வருடம் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டாள். முன்பே திறந்த போன் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சர்வரை ஒரு வார்த்தை கேட்காது.

"நல்லவேள, வெளிய யாரும் தெறக்கல" என்றான் செழியன்.

ஸ்டீபன்ராஜ் தொண்டையைச் செருமினார். "காலைலயே நம்ம பேஷண்ட்டுங்க வாட்ஸப் குரூப்புல லிங்க்கப் போட்டுட்டேனேம்மா. எல்லாரும் பாத்திருப்பாங்க."

மறுபடி மாடியேறி விதியைத் திருத்தினாள். தளத்துக்குப் புதிய முகவரி ஒன்று வைத்து, புதிய லிங்க்கைக் குழுவில் போட வைத்தாள். அதோடு நிற்காமல், ஸ்டீபன்ராஜின் வண்டிக்குப் பின்னாலேயே தன் ஸ்கூட்டரில் மையத்துக்குப் போனாள்.

உள்ளே மெஷின்கள் மெல்ல முனகிக்கொண்டிருந்தன. கடைசிக் கட்டிலில் சோலைமுத்து படுத்திருந்தார். செம்பட்டியில் வாழைத்தார் ஏற்றி இறக்கியவர். ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல், மறு கையால் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"காலைலருந்து சுத்துது தாயி. நானும் விடாமப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"புதுசா ஒண்ணு வந்துருக்கும் பாருங்க, அத அமுக்குங்கண்ணே."

அவர் குழுவைத் திறந்து மேலே தள்ளினார், கீழே தள்ளினார், பழைய லிங்க்கையே அமுக்கினார். மறுபடி வட்டம். அவள் விரலால் காட்டிய பிறகு புதியதை அமுக்கினார், பெயர்கள் வந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது வந்துருச்சு, சரி. போர்டு எங்க தாயி? எனக்குத் திங்கக்கெழம காலையா மதியமா?" என்று கேட்டார்.

போர்டு கழற்றப்பட்டு, வராந்தாவில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

"அத மாட்டணும்ணே" என்று ஸ்டீபன்ராஜிடம் சொன்னாள் சகாயராணி.

ஸ்டீபன்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ட்ரஸ்ட்டு சேர்மன் வாராரும்மா. போர்டு இல்லாத வார்டுன்னு அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருக்காரு."

"பழைய லிங்க்க அமுக்குறவுக அமுக்கிக்கிட்டேதான் இருப்பாக. எத்தன பேருன்னு நமக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெறக்குதுன்னு தெரியுற வரைக்கும் இருக்கட்டும்."

"ராணி, மதுரக் கம்பெனிக்காரங்க ஒரே நாள்ல மாத்தித் தாரோம்னாங்க. நம்ம ஊருப் பிள்ளையேன்னுதான் ஒனக்குக் குடுத்தோம். இப்பப் போயி அவருட்ட நான் என்னன்னு சொல்ல?"

"ராணி தப்பா எழுதிட்டான்னு சொல்லுங்க. வேலைய வேற ஆளுக்குக் குடுக்கணும்னாலும் குடுங்க. எந் தப்ப மறைக்க இவரு மூச்சு முட்டிக்கிட்டு பஸ் ஏறணுமாண்ணே?"

ஸ்டீபன்ராஜ் போர்டைத் தூக்க வரவில்லை. அவளே தூக்கினாள். அளவில் பெரியது, கனம் குறைவு. பழைய ஆணி அங்கேயேதான் இருந்தது. செவிலி கொடுத்த மார்க்கரால், தன் போனைப் பார்த்துப் பார்த்துத் திங்கட்கிழமை முறையை எழுதினாள். விசைப்பலகையிலேயே காலம் ஓட்டியவளின் கையெழுத்து, வரி மேலே மேலே ஏறிப் போயிற்று. ஒருமுறை அழித்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி எழுதினாள்.

பிறகு கடைசிக் கட்டிலுக்கு வந்தாள். சோலைமுத்துவின் தலையணை அருகே, அவர் தலை இருந்த உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் குனிந்து, அங்கிருந்து போர்டைப் பார்த்தாள். எழுந்து, இடையில் மறைத்து நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.