புகார்ப் பெட்டிக்குக் காவல்

ஆலைகள் தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகின்றனவா என்று பார்த்து எழுத, அவற்றிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி என்னை அனுப்பும். கல்வராயன் மலையடிவாரத்து மரவள்ளி மாவு ஆலை ஒன்றில் அந்த வயதான காவலாளியைப் பார்த்தேன். வெளுத்த காக்கிச் சட்டை, வீங்கிய கால்கள். புகார்ப் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் கள்ளக்குறிச்சி ரோட்டில் அன்று மறியல்.

"பஸ் இல்ல, மாத்தாள் வரலீங்க. நேத்துலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன்."

பெட்டியைத் திறந்தேன். ஆறு சீட்டுகள். 'டீ ஆறிப்போய் வருகிறது' என்பது போன்ற சில்லறைக் குறைகள். எல்லாம் ஒரே கையெழுத்து.

"நான்தாங்க எழுதனேன். பொட்டி காலியா இருந்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு மானேஜர் எழுதச் சொன்னாரு."

"உங்க குறையையும் எழுதியிருக்கலாமே?"

"என் கையெழுத்துன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமேங்க."

'புகார்ப் பெட்டி பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கால்களோடு ஓடிவந்து கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார். எதற்கென்று இன்னும் விளங்கவில்லை.