சிவப்புக் காரில் சாய்ந்து எடுத்த படம்

எண்பதுகளில் சுவிஸின் பாசல் நகரில் இருந்த எங்கள் இலங்கை ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருந்தது. நல்லதாக உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கி, யாரோ ஒருவருடைய வடிவான காரில் சாய்ந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது. கார் வாங்கிவிட்டோம் என்று ஒருவரும் எழுதமாட்டோம். படம் தானாகச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

நானும் ஒரு சிவப்புக் காரைப் பிடித்தேன். சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை, கை கார்க் கதவில். என் மனுசன் கமராவோடு குனிந்தார்.

"கொஞ்சம் சிரியும்."

"கார்க்காரி சும்மா சும்மா சிரிப்பாளோ? நீங்கள் எடுங்கோ."

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். அவர் கழுத்திலும் ஒரு கமரா. அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் காரையும் சேர்த்து இரண்டு தரம் எடுத்தார். பிறகு விலாசம் எழுதும்படி சைகை காட்டி, கடதாசியும் பேனையும் நீட்டினார்.

எங்கள் அகதி வழக்கு முடியாத நேரம். பொலிஸுக்கு ஒரு முறைப்பாடு போனாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மனுசனோ எங்கள் விலாசத்தை அழகாக எழுதிக் கொடுத்தார்.

"உங்களுக்கு விசரோ? பொய் விலாசம் ஒண்டு எழுதியிருக்கலாமே!"

"அவங்கடை எழுத்திலை எனக்கு எழுதத் தெரிஞ்சது அது ஒண்டுதானப்பா."

மூன்றாம் கிழமை பெரிய கடித உறை ஒன்று வந்தது. இரண்டு நாள் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தேன். சாமியும் திறக்கவில்லை. கடைசியில் டொச், அதாவது ஜெர்மன், வாசிக்கத் தெரிந்த மேல்மாடி அண்ணையைக் கூப்பிட்டோம்.

உள்ளே இரண்டு படங்கள், ஒரு கடிதத் துண்டு. ஒரு படத்தில் நான், கார் திருடிப் பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு. மற்றது பழைய படம். அதே தெரு, ஆனால் கார்கள் இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது. ஒரே ஒரு கறுப்புக் கார், அதில் சாய்ந்தபடி கோட் போட்ட ஒல்லி இளைஞன், சுற்றி வேடிக்கை பார்க்கும் சனம்.

அண்ணை வாசித்தார்: "இந்தப் பெடியன் அந்தக் கிழவர்தானாம். இளவயதிலை தாய்க்கு அனுப்ப எடுத்ததாம். கார் பக்கத்து வீட்டு டொக்டற்றையாம்."

"பொலிஸ்?"

"பொலிஸெண்டு ஒரு சொல்லும் இல்லைத் தங்கச்சி."

மூச்சு வந்தது. ஆனால் குழப்பம் போகவில்லை.

"அப்ப அந்தச் சிவப்புக் காருக்குச் சொந்தக்காரர் ஆர்? கிழவரோ?"

அண்ணை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது எழுதேல்லை."

சொந்தக்காரர் வேறு யாராவது இருந்துவிட்டால்? வழக்கு முடியும்வரை நாங்கள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.